ஐப்பசி முதல் மார்கழி வரை: ஜெகதாப்பட்டினம் கரையில் ப்ரொஜெக்டர் பராமரிப்பு

வடகிழக்குப் பருவமழை தமிழகக் கரையில் வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வாரத்திலேயே ப்ரொஜெக்டரைத் திறந்து பார்த்துவிட வேண்டும். ஆடி, ஆவணியில் ஜெகதாப்பட்டினத்தில் அடிக்கும் காற்று பெரும்பாலும் நிலத்தைக் கடந்து வருவது, கொண்டுவருவது புழுதி. ஐப்பசியில் திசை மாறிவிடுகிறது. வாடையும் கொண்டலும் பாக் விரிகுடாவின் மேலாக நேரே வந்து உப்புத்துகளை ஊருக்குள் இறக்குகின்றன. பள்ளி ஆய்வகத்தின் கூரையில் தொங்கினாலும் சரி, மண்டபத்து மேசையில் இருந்தாலும் சரி, ப்ரொஜெக்டருக்குள் இருக்கும் ஃபேன் ஓடும்போதெல்லாம் இந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது.

சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசிந்துவிடும். கார்த்திகையில் கரையோர ஈரப்பதம் இந்த அளவுக்குக் கீழே இறங்கும் நேரம் குறைவு. ஆகவே ஒரு சொட்டு மழை படாமலேயே சர்க்யூட் போர்டில் படிந்த உப்பு ஈரமாகி, மின்சாரம் கடத்தும் படலமாகிறது. பிளக் செருகியபடி ஸ்டாண்ட்பை விளக்கு எரிந்துகொண்டிருந்தால், அந்தப் படலத்தின் வழியே சிறு மின்னோட்டம் இரவு பகலாக ஓடிச் செம்புத் தடங்களை அரிக்கும். பச்சை பூத்த ஹெச்.டி.எம்.ஐ. முனைகளும் வி.ஜி.ஏ. ஊசிகளும் இதன் வெளி அடையாளம். வேலை முடிந்து ஃபேன் நின்றதும் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும்.

மழைக்காலம் என்று பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவதுதான் பலரும் செய்வது. உள்ளதில் மோசமான பழக்கம் அதுதான். ஓடும் ப்ரொஜெக்டர் தன் சூட்டிலேயே தன்னை உலர்த்திக்கொள்ளும். ஓடாமல் கிடப்பதில்தான் ஈரம் தங்கி, லென்ஸுக்குள் பூஞ்சை நூல் நூலாகப் படரும். வாரம் ஒருமுறை, வெயில் தலைகாட்டும் நண்பகலில், அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். பல்பின் ஆயுள் வீணாகுமே என்ற கவலை தேவையில்லை. மூன்று மாதத்துக்கும் சேர்த்து அதிகபட்சம் பதின்மூன்று மணி நேரம்தான் போகும். சாதாரண பல்பின் ஆயுள் 3,000 முதல் 6,000 மணி.

பருவத்துக்கு முந்தைய சுத்தம் கருவியின் வகையைப் பொறுத்தது. மூன்று எல்.சி.டி. தகடுகள் கொண்ட வகையில் காற்று தகடுகளை ஒட்டியே ஓடுவதால் ஏர் ஃபில்டர் இருக்கும். மூடியைக் கழற்றி, ஃபில்டரை மென்மையான தூரிகையால் தட்டி, சிறு வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். கையேடு அனுமதித்தால் ஒழியத் தண்ணீரில் அலசக் கூடாது. கிழிந்த ஃபில்டரை மாற்றிவிடுவதே மேல். படத்தின் மூலையில் மங்கலாகப் பச்சை அல்லது ஊதாத் திட்டு தெரிந்தால் தூசி தகடு வரை போய்விட்டது என்று பொருள். அதை எடுப்பது சர்வீஸ்காரர் வேலை. இன்னொரு வகை டி.எல்.பி. 1987-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் உருவாக்கிய நுண்கண்ணாடிச் சில்லில் இயங்குவது. சில்லு மூடிய அறைக்குள் இருப்பதால் இவற்றில் பலவற்றுக்கு ஃபில்டரே கிடையாது. காற்றுத் துளைகளைத் தூரிகையால் தட்டினால் போதும்.

லென்ஸில் முதலில் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதியால் காற்றடிக்க வேண்டும், பிறகே மைக்ரோஃபைபர் துணி. உப்புத்துகள் லென்ஸில் இருக்கும்போது வேட்டி நுனியாலோ கைக்குட்டையாலோ துடைத்தால் மேற்பூச்சில் கீறல் விழும். தின்னர், பெட்ரோல், வாய் எச்சில் எதுவும் ஆகாது. எரியக்கூடிய வாயு அடைத்த ஸ்ப்ரே டப்பாவைச் சூடான கருவிக்குள் அடித்தால் தீப்பிடிக்கும்.

பொருத்துமிடத்தில் நான்கு பக்கமும் ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். கடல் பக்கத்து ஜன்னலுக்கு நேரே வைப்பதைத் தவிர்க்கலாம். தூரக் கணக்கு எளிது: கருவியின் த்ரோ ரேஷியோ 1.5, படத்தின் அகலம் 2 மீட்டர் என்றால், லென்ஸ் திரையிலிருந்து 3 மீட்டரில் இருக்க வேண்டும். படம் கோணலாக விழுந்தால் உடனே கீஸ்டோன் பொத்தானை அழுத்துவது வழக்கமாகிவிட்டது. அது படத்தைச் சுருக்கித்தான் நேராக்குகிறது; எழுத்தின் கூர்மை குறையும். மேசையை நகர்த்தி, காலைத் திருகி நேராக்கிய பிறகு மிச்சமிருக்கும் கோணலுக்கு மட்டுமே கீஸ்டோன். ஒளிக்கற்றை சிறுவர்களின் கண் மட்டத்தில் போகாதபடி உயரத்தில் வைப்பது நல்லது. லேசர் வகையில் லென்ஸை அருகிலிருந்து உற்றுப் பார்க்கவே கூடாது.

மழைக்காலத்தில் கருவியை அதிகம் கெடுப்பது மின்வெட்டு. பல்பு வகை ப்ரொஜெக்டருக்குள் இருப்பது பாதரச வில்விளக்கு. பிலிப்ஸ் நிறுவனம் 1995-ல் கொண்டுவந்த இவ்வகை விளக்கில், ஒரு மில்லிமீட்டர் அளவேயான இடைவெளியில் மின்வில் எரிகிறது. குவார்ட்ஸ் குமிழுக்குள் அழுத்தம் 200 வளிமண்டலம் வரை போகும். முறையாக அணைத்தால் விளக்கு அணைந்த பிறகும் ஃபேன் ஓடிக் குமிழைக் குளிர்விக்கும். கரண்ட் போனால் இரண்டும் ஒன்றாக நின்றுவிடுகின்றன. சூடு போக வழியில்லாமல் உள்ளேயே தேங்குகிறது. ஒரே மாலையில் மூன்று முறை இப்படி நடந்தால் பல்பின் ஆயுள் குறைந்துவிடும்.

மாற்று எளிது: 300 வாட் கருவிக்கு 1 கே.வி.ஏ. யு.பி.எஸ். கரண்ட் போன பிறகும் படத்தைத் தொடர்வதற்காக அல்ல இது. முறைப்படி அணைத்து ஃபேன் ஓடி முடியும் சில நிமிடங்களுக்காக. வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பதானால் சைன்வேவ் வகையாக இருக்க வேண்டும். ஐஸ் கம்பெனி போன்ற பெரிய மோட்டார்கள் ஓடும் அதே லைனில் இருக்கும் கட்டடத்தில் வோல்டேஜ் இறங்கி ஏறும், அங்கே யு.பி.எஸ். இல்லாமல் ஓட்டுவதைவிட ஓட்டாமலிருப்பதே மேல். யு.பி.எஸ். இல்லாத நிலையில் கரண்ட் போய்விட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கருவியை அசைக்காமல், துளைகளை மூடாமல் இருந்த இடத்திலேயே விட வேண்டும். கரண்ட் வந்ததும் கூட்டம் சத்தம் போடும். போடட்டும், பத்து நிமிடம் கழித்தே மறுபடி போட வேண்டும். எல்.இ.டி., லேசர் வகைகளுக்கு இந்தக் கவலை குறைவு. அவற்றின் ஒளிமூலம் சுமார் 20,000 மணி நேரம் உழைக்கும். உடனே அணைப்பதையும் தாங்கும்.

இடி முழங்கத் தொடங்கினால் பவர் கேபிளை மட்டும் பிடுங்குவது போதாது. கிரிக்கெட் காட்டும் இடங்களில் மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கும், அங்கிருந்து ஹெச்.டி.எம்.ஐ. வழியாக ப்ரொஜெக்டருக்கும் ஒரே கம்பித் தொடர் இருக்கிறது. மின்னலின் தாக்கம் அந்த வழியாகவும் வரும். எல்லாக் கேபிளையும் கழற்ற வேண்டும்.

முதல் மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பும். இருட்டிய ஊரில் ஆகப் பெரிய வெளிச்சம் ப்ரொஜெக்டரின் ஒளிக்கற்றை என்றால் அத்தனை ஈசலும் அங்கேதான் வரும். திரையில் நிழலாடுவது தொல்லை மட்டுமே. கெடுதல் பின்பக்கம் நடக்கிறது: உதிர்ந்த இறகுகள் காற்றுத் துளையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அடைத்துவிடும், உடல்கள் ஃபேனுக்குள் போகும், கால் மணியில் சூடு ஏறி எச்சரிக்கை விளக்கு மினுங்கும். துளைமேல் கொசுவலையோ துணியோ கட்டினால் காற்றோட்டம் நின்றுவிடும், அது கூடாது. காட்சி தொடங்க அரை மணி முன்பே, கருவியிலிருந்து தள்ளி, திரைக்கும் எட்ட, ஒரு பிரகாசமான பல்பை எரியவிட்டு அதன் கீழே அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைப்பது ஊரறிந்த உபாயம், இங்கும் பலிக்கும். ஈசல் கூட்டம் மிகுந்தால் காட்சியை ஒரு மணி நேரம் தள்ளிப்போடலாம், ஈசல் பெரும்பாலும் அதற்குள் ஓய்ந்துவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை கருவிக்கு அருகில் வேண்டாம். புகையின் பிசுக்கு லென்ஸிலும் தகட்டிலும் படியும். கூரையில் தொங்கும் கருவியில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா, எறும்பு வரிசை போகிறதா என்று வாரந்தோறும் பார்க்க வேண்டும்.

தமிழக அரசின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் 6,000-க்கும் மேற்பட்டவற்றில் ஹைடெக் ஆய்வகங்கள் அமைந்திருக்கின்றன. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழாவும் நடக்கிறது. ஒரு அறைக்கென வாங்கிய ப்ரொஜெக்டர் இப்படி வேறு அறைகளுக்கும் முற்றத்துக்கும் பயணப்படுகிறது. ஏ.சி. அறையில் 22 டிகிரியில் இருந்த கருவியை மழைக்காலக் கடற்காற்றுக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் உடனே வேர்க்கும். வெளியே தெரியும் அதே வேர்வை உள்ளே போர்டிலும் இருக்கும். பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் புதிய இடத்தில் வைத்திருந்து, பிறகே எடுத்து இணைக்க வேண்டும்.

திறந்தவெளிக் காட்சி மார்கழி வரை தள்ளிப்போவதே நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் திரையைப் பற்றி முதலில் யோசிக்க வேண்டும். வாடையில் திரை பாய்மரம்போலக் காற்றைப் பிடிக்கும். கம்பம் சாய்ந்தால் அடியில் இருப்பவர்கள் குழந்தைகள். படகு கட்டும் கயிற்றால் இரு பக்கமும் முளையடித்து இழுத்துக் கட்டுவதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எப்போது அவிழ்ப்பது என்பதை மட்டும் முன்பே முடிவுசெய்துகொள்ள வேண்டும். ஜங்ஷன் பாக்ஸ் ஈர மணலில் கிடக்கக் கூடாது, நாற்காலி மேல் இருக்கட்டும். மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை உடைத்து இரண்டு முனைச் சாக்கெட்டில் செருகுவது உயிரோடு விளையாடுவது. 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் உள்ள இணைப்பிலிருந்து மட்டுமே வெளியே கரண்ட் எடுக்க வேண்டும். நனைந்த திரையைச் சுருட்டி வைத்தால் மூன்றே நாளில் கரும்புள்ளி விழும். விரித்து உலர்த்திய பிறகே சுருட்ட வேண்டும்.

அரையாண்டு விடுமுறைபோலச் சில நாள் தொடர்ந்து எடுத்து வைக்க நேர்ந்தால், ஒரு மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் கால் கிலோ சிலிக்கா ஜெல்லுடன் வைக்கலாம். ஈரமேறினால் நிறம் மாறும் வகை வசதியானது; நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ட் உண்டு, பிள்ளைகள் கையில் படாமல் இருக்க வேண்டும். நிறம் மாறிய மணிகளைச் சமையலுக்கு ஆகாத இரும்புச் சட்டியில் சிறு தீயில் சூடாக்கினால் பழைய நிறம் திரும்பும். அரிசி இதற்கு ஈடாகாது, அதன் மாவு துளைக்குள் போகும். அந்துருண்டை ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். ஈரத்தோடு பாலிதீனில் சுற்றி வைப்பது ஈரத்தைச் சிறை வைப்பதாகும்.

புயல் எச்சரிக்கை வந்தால் கணக்கு வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்களைச் சாய்த்துப் பல ஊர்களை நாள்கணக்கில் இருட்டில் தள்ளியது. அப்படிப்பட்ட காற்றில் முதலில் போவது ஓடும் ஜன்னலும்தான். காற்று வலுக்கும் முன்னரே கூரைக் கருவியைக் கழற்றி, பெட்டியில் வைத்து, பாலிதீன் உறை போட்டு, மாடிக் கட்டடத்தின் உள்ளறையில், பீரோவின் மேல்தட்டில் ஏற்ற வேண்டும். இந்தச் சில நாள் பாலிதீனால் கெடுதல் இல்லை. பள்ளிகள் நிவாரண முகாமாக மாறுவதுண்டு என்பதால், மக்கள் வரும் முன்பே ஆய்வகத்தைக் காலிசெய்து சாவியைப் பொறுப்பானவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

நனைந்துவிட்ட ப்ரொஜெக்டரைச் சோதித்துப் பார்க்கக்கூட ஆன் செய்யக் கூடாது. மெயினை அணைத்த பிறகே பிளக்கைத் தொட வேண்டும். தலைகீழாகச் சாய்த்து நீரை வடியவிட்டு, மின்விசிறிக் காற்றில் வைத்து, சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும். வெயிலும் ஹேர் டிரையரும் எல்.சி.டி. வகையின் தகடுகளைக் கெடுக்கும். கடல்நீர் புகுந்தது என்றால் அதைச் சர்வீஸ்காரரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். உப்பைக் கழுவாமல் உலர்த்தினால் சில வாரங்களில் மறுபடி நின்றுபோகும்.

ஆயுள் முடிந்த பல்பை ஓட்டிக்கொண்டே போனால் ஒருநாள் பட்டாசுபோல வெடிக்கக்கூடும். உள்ளே இருப்பது பாதரசம். உடனே பிளக்கைப் பிடுங்கி, ஜன்னல்களைத் திறந்து, பிள்ளைகளை வெளியேற்றி அரை மணி காத்திருக்க வேண்டும். கண்ணாடித் துண்டுகளைக் கையுறை போட்டு அட்டையால் வாரி மூடிய டப்பாவில் சேர்க்க வேண்டும். வாக்குவம் கிளீனர் பாதரச ஆவியை அறை முழுக்கப் பரப்பிவிடும். புதிய பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடக் கூடாது. பொருத்தியதும் மெனுவில் மணிக் கணக்கைப் பூஜ்யமாக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய கருவி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே போய்ச் சேர வேண்டும். கழற்றிய பல்பையும் காயலான் கடைக்குப் போடாமல், குப்பையோடு எரிக்காமல், அதே வழியில் ஒப்படைக்க வேண்டும்.