இரண்டு தேர்தல், இரண்டு புள்ளடி



கொட்டகலையில் ஒரு நாள் காலை, பெரட்டு முடிந்ததும் ஒரு அக்கா எங்களிடம் கேட்டார்: "ஐயா, நிக்கிற ரெண்டு பக்கமும் சரியில்ல. பிறகு எதுக்கு வோட்டு போடணும்?" நியாயமான கேள்வி. இந்த முறை பாடம் அதைப் பற்றித்தான்.

நமது நாட்டில் ஜனாதிபதித் தேர்தல் வேறு, பாராளுமன்றத் தேர்தல் வேறு. இரண்டிலும் ஒரே கட்சிக்குத்தான் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். தராசைப் பார்ப்பதும் பேரேட்டில் எழுதுவதும் ஒரே ஆள் கையில் இருந்தால் நமக்குச் சந்தேகம் வரும். அதே போல, ஆட்சி முழுவதும் ஒரு கையில் போகக் கூடாது என்று நினைக்கிறவர்கள், மனதுக்குப் பிடிக்காவிட்டாலும் 'சின்னத் தீமை' என்று மற்றக் கட்சிக்குப் போடுவது உண்டு.

இப்படி ஆட்சி பிரிந்த காலம் ஒன்றை நாம் பார்த்திருக்கிறோம். 1999 டிசம்பரில் சந்திரிகா குமாரதுங்க மீண்டும் ஜனாதிபதியானார். 2001 டிசம்பர் 5 தேர்தலிலோ எதிர்ப்பக்கமான ஐக்கிய தேசிய முன்னணி 109 ஆசனம் பெற்றது. ரணில் விக்கிரமசிங்க பிரதமரானார். எல்லோரும் சமநிலைக்காகவே போட்டார்கள் என்று சொல்ல முடியாது. யுத்தம், விலைவாசி என்று பல காரணம் இருந்தது.

அந்தக் காலத்தில் நமக்கு ஒரு நன்மை கிடைத்தது. 1948-இல் பிரஜாவுரிமையையும் 1949-இல் வாக்குரிமையையும் இழந்த சமூகம் நாம். பிறகு பல சட்டங்கள் வந்தும் சிலர் நாடற்றவராகவே மிஞ்சினார்கள். அவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்கும் 35-ஆம் இலக்கச் சட்டம், 2003-இல் அந்தப் பாராளுமன்றத்தில்தான் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது.

கெடுதியும் இருந்தது. தராசுக்காரரும் எழுதுகிறவரும் சண்டை பிடித்தால் கொழுந்து வாடிப் போகும் அல்லவா? 2003 நவம்பரில் ஜனாதிபதி மூன்று அமைச்சுகளைத் தன் கையில் எடுத்தார். 2004 பெப்ரவரியில் பாராளுமன்றமும் கலைக்கப்பட்டது. ஆறு வருடம் இருந்திருக்க வேண்டிய சபை இரண்டு வருடம் கொஞ்சம்தான் இருந்தது.

2024-இல் மக்கள் வேறு விதமாக முடிவெடுத்தார்கள். செப்டெம்பரில் தெரிவான ஜனாதிபதியின் தேசிய மக்கள் சக்திக்கே நவம்பரில் 225-இல் 159 ஆசனம் கொடுத்தார்கள். அதுவும் மக்களின் உரிமைதான்.

ஜனாதிபதித் தேர்தலில் இன்னொரு வசதியும் உண்டு. பிடித்தவருக்கு 1, அடுத்தவர்களுக்கு 2, 3 என்று எழுதலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இரண்டு பேரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளின் அடுத்த விருப்பையும் எண்ணுவார்கள். 2024-இல் முதன்முறையாக அப்படி எண்ணினார்கள். ஆகவே சின்னத் தீமைக்காக நம்ம 1-ஐ விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. 2-ஐக் கொடுத்தால் போதும்.

யாருக்குப் போட வேண்டும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் அந்த அக்காவுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறோம்: நம்ம தாத்தா, பாட்டிமாருக்கு இல்லாமல் போன சீட்டு இது. நல்லவர் இல்லை என்று நாம் வீட்டில் இருந்தால், கூடக் கெட்டவர் வருவதை யார் தடுப்பது?

வீட்டில் பேசிப் பாருங்கள்:
1. ஆட்சி ஒரு கையில் இருப்பது நல்லதா, இரு கையில் இருப்பது நல்லதா?
2. நாம் போடும் கட்சி வென்றால் லயத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் என்ன செய்யும்? தோற்றால் யார் கேட்பார்கள்?