கட்டை நகர்த்தும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய விளையாட்டை என் பழைய மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸும் ஆட்டோவும் நெருக்கியடிக்க, நடுவில் மாட்டிய வேனை வெளியே எடுக்க வேண்டும். பெரஹரா ஊர்வல நாட்களில் டவுனுக்குப் போனவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. ஜப்பானியர் நோபுயுகி யோஷிகஹாரா உருவாக்கி, 1996இல் 'ரஷ் அவர்' என்று கடைகளுக்கு வந்த புதிரின் வழிவந்தது இது. அதை முகப்பிலேயே சொல்லிவிடு. சொல்லாவிட்டால் என்னவாகும் என்பதற்கு, எண் கட்டைகளை நகர்த்தி வரிசைப்படுத்தும் 15 கட்டைப் புதிரே சாட்சி: அதைச் செய்தவர் நோயஸ் சாப்மன் என்ற அமெரிக்கத் தபாலதிபர். பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் சாம் லொயிட்.

இனிக் குறைகள். 'புதிய புதிர்' என்று அழுத்தினால் கட்டைகளைக் கண்டபடி பரப்புகிறாய். அந்தப் 15 கட்டையை அப்படிப் பரப்பினால் பாதி அடுக்குகளுக்கு விடையே கிடையாது. ஜோன்சன், ஸ்டோரி என்ற கணிதவியலாளர்கள் இதை 1879இலேயே நிறுவிவிட்டார்கள். 14ஐயும் 15ஐயும் மட்டும் இடம் மாற்றி வைத்து லொயிட் 1,000 டொலர் பரிசு அறிவித்தது அந்தத் தைரியத்தில்தான். இலவசமாகக் கொடுக்கிறோம் என்பதற்காக, விடையில்லாத புதிரால் ஒருவருடைய பின்னேரத்தை வீணாக்கலாமா? வேன் வெளியேறும் நிலையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நகர்த்து. போன வழியே திரும்பலாம் என்பதால் விடை நிச்சயம்.

சும்மா கலைத்தாலோ சப்பென்ற புதிர்தான் வரும். எட்டக்கூடிய நிலைகளை எல்லாம் படிப்படியாகத் தேடி, வேன் வெளியேற மிக அதிக நகர்வுகள் தேவைப்படும் நிலையை எடு. பலகை பெரிதாகப் பெரிதாக இந்தத் தேடல் கணினியையே திணறடிக்கும். உன் 6×6 பலகைக்கு அந்தப் பயம் இல்லை.

12ஆம் லெவலில் ஏறக்குறைய இடைவெளியே இல்லாமல் அடைத்திருக்கிறாய். அடைத்தால் கடினமாகிவிடாது, நகர்த்த ஒரே வழிதான் மிஞ்சும், அது தானாகத் தெரிந்துவிடும். கொஞ்சம் இடம் விட்டாலே போதும். குளோட்ஸ்கி என்ற கட்டை நகர்த்தும் புதிரைப் பார்: 4×5 பலகை, 10 கட்டை, 2 வெற்றிடம், குறைந்தது 81 நகர்வு. உன் 7ஆம் லெவல்தான் எனக்குப் பிடித்தது. வாசலுக்கு அருகே வந்த வேனை ரிவர்ஸ் எடுத்து பஸ்ஸுக்கு வழிவிட வேண்டியிருக்கிறது. அங்கேதான் மனம் முரண்டு பிடிக்கிறது. அப்படி இன்னும் நாலைந்து செய்.

ஒரு படி பின்வாங்கும் பொத்தானை ஏன் ஐந்து தடவையோடு நிறுத்தினாய்? காசு பிடுங்கும் செயலிகளின் வேலை அது. காசு பிடுங்காமல் எப்படிச் செய்வது என்று தெரிய, சைமன் டாத்தமின் இலவசப் புதிர்த் தொகுப்பை இறக்கிப் பார். மூலநிரலும் திறந்தே கிடக்கிறது, உட்கார்ந்து படி. கடைசியாக ஒன்று: விளையாட்டோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பு. என் திரையில் தமிழும் சிங்களமும் வெறும் பெட்டிகளாகத்தான் தெரிந்தன.

அன்புடன்,
அண்ணன்