சித்தப்பாவிடம் வாங்கிய எட்டு லட்சம்

ஜீவனாம்ச வழக்கில் கணவரின் பிரமாணப் பத்திரம் வருகிறது. சித்தப்பாவிடம் 8 லட்சம் கைமாற்று, அக்கா வீட்டுக்காரரிடம் 5 லட்சம். குடியிருந்த வீடும் போன ஆடியில் அம்மா பெயருக்கு செட்டில்மெண்ட் ஆகிவிட்டது. (ஆடியில் பத்திரம் பதியத் தயங்கும் ஊரில் இது சாட்சியம் ஆகாது, ஆனால் கவனிக்கத் தக்கது.)

கணவரின் சொத்தைப் பாதியாகப் பிரிக்கும் ஏற்பாடு இந்தியச் சட்டத்தில் பொதுவாக இல்லை. அவரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதுதான் வழக்கு. அதைச் சுருக்கிக் காட்டத்தான் இந்தக் கடன்கள்.

முதல் வேலை, தேதிகள். இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஒரு தாளில் கல்யாணம், பிரிந்த நாள், நோட்டீஸ், மனு என்று வரிசையாக எழுதி, பக்கத்திலேயே ஒவ்வொரு கடனின் தேதியையும் குறியுங்கள். நோட்டீஸுக்கு அடுத்த மாதம் பிறந்த கடன் தானாகக் கண்ணில் படும்.

அடுத்து, பணம் வந்த வழி. வங்கியில் வந்திருந்தால் ஸ்டேட்மெண்ட் இருக்கும். ரொக்கம் என்றால், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை, சில விலக்குகள் தவிர, வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதனாலேயே கடன் பொய்யாகிவிடாது; குறுக்கு விசாரணைக்கு நல்ல கேள்வி. புரோநோட்டைப் புரட்டி, பின்பக்கம் வரவு வைத்திருக்கிறார்களா பாருங்கள். வரவே இல்லாமல் 3 ஆண்டு கடந்திருந்தால் பெரும்பாலும் காலாவதிக் கடன்தான். சித்தப்பாவையே கூண்டில் ஏற்றச் சொல்லுங்கள். 8 லட்சம் அவரிடம் எப்படி வந்தது, ஒரு முறையாவது திருப்பிக் கேட்டாரா?

வீட்டுக்கு, பதிவுத்துறை இணையதளத்தில் கல்யாண நாளிலிருந்து இன்றுவரை வில்லங்கம் போட்டுப் பார்த்து, பத்திர நகல் எடுங்கள். விலை வாங்காமல் எழுதிக் கொடுத்த சொத்தின் வருமானத்தில் ஜீவனாம்ச உரிமை இருந்தால், பெற்றவர்மீதும் அதைக் கோர சொத்து மாற்றுச் சட்டம் 39ஆம் பிரிவு வழிவிடுகிறது. இன்னும் கைமாறாத சொத்து இருந்தால் அதன்மீது சார்ஜ் (ஜீவனாம்சத்துக்கு அந்தச் சொத்தையே பொறுப்பாக்குவது) வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். விற்கத் தடையும் சேர்த்துக் கேளுங்கள். இதைத் தள்ளிப்போட்டுக் கோட்டைவிடுபவர்கள்தான் அதிகம்.

இதே அளவுகோல் உங்களுக்கும் உண்டு. வீடு கட்ட உங்கள் அப்பா கொடுத்த பணம் கடனா, சீரா? அப்போதைய வங்கி வரவும் செய்திகளும் பேசட்டும். பழைய தேதி போட்டு இப்போது புரோநோட் எழுதினால், உண்மையான கடனும் அதோடு சேர்ந்து அடிபடும். வாட்ஸ்அப் செய்திகளை அச்செடுத்து வைத்தால் போதாது. புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழும் இணைக்க வேண்டும். வழக்கு முடியும்வரை அந்தச் செய்திகள் உள்ள பழைய போனை விற்றுவிடாதீர்கள்.