தாய்க்குப் பன்னிரண்டு, பிள்ளைக்கு எத்தனை?

மன்னார் உப்புக்குளத்தில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்த காலத்தில் தாய்மார் என்னிடம் அதிகம் கேட்டது, "மிஸ்ஸி, என்ட எச்.பி. எத்தன?" என்பதுதான். எச்.பி. என்றால் இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு. பதினொன்றுக்கு மேல் என்றால் முகம் தெளியும். கூட வந்த மாமியும் ஈரல் கறி, முருங்கை இலைப் புத்திமதியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார். வயிற்றில் இருக்கும் பிள்ளையின் இரத்தம் எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை. தாய்க்குச் சரியென்றால் பிள்ளைக்கும் சரி என்பது ஊர்க் கணக்கு.

அந்தக் கணக்கு பிழை. தாயின் இரத்தம் வேறு, பிள்ளையின் இரத்தம் வேறு. சத்தும் காற்றும் நச்சுக்கொடி வழியாகப் போகும், சாதாரணமாக இரத்தம் கலப்பதில்லை. தாய் பன்னிரண்டோடு தெம்பாக நடமாட, உள்ளே பிள்ளை நாலோடு கிடக்கலாம். இரும்புக் குளிசை எத்தனை விழுங்கினாலும் அது ஏறாது.

பிள்ளைக்கு இரத்தம் குறையப் பல காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் முதலில் தேட வேண்டியது ஆர்.எச். பிரச்சினை. இலங்கையில் நூற்றுக்கு ஐந்து பேரளவில் நெகட்டிவ் வகை. தாய் நெகட்டிவ், பிள்ளை தகப்பனைப் போலப் பொசிட்டிவ் என்றால், பிரசவத்தில் பிள்ளையின் இரத்தம் சிறிது தாயின் உடம்புக்குள் போகும்; அதை அந்நியம் என்று கண்டு தாயின் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கும். முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடி விழுவது அடுத்த பிள்ளைக்கு. எதிர்ப்பொருள் நச்சுக்கொடியைத் தாண்டிப் போய் அதன் சிவப்பணுக்களை உடைக்கும்.

தடுக்க ஊசி இருக்கிறது. 1968 முதல் உலகில் பாவனையில் உள்ள அன்ரி-டி. பிரசவமோ கருச்சிதைவோ நடந்து 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அவுஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் 1954 முதல் 2018 வரை 1,173 தடவை இரத்தமும் பிளாஸ்மாவும் கொடுத்தார், 2025இல் காலமானார். இப்படிப்பட்டவர்களின் உடம்பிலிருந்து வருகிற மருந்து என்று சொன்ன பிறகுதான் சில கணவன்மார் ஊசிக்காக அலைவதைச் சலிப்பாக நினைப்பதை விட்டார்கள்.

எதிர்ப்பொருள் உண்டாகிய பின் இந்த ஊசியால் பயனில்லை. ஆகவே பழைய கதையைக் கிளறுவதுதான் என் வேலையில் பாதி. உப்புக்குளத்தில் அது லேசல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இங்குள்ள குடும்பங்கள் பல புத்தளத்துக்குப் போயின; திரும்பி வரப் பல வருடம் ஆனது. தமிழ்க் குடும்பங்களில் இந்தியாவுக்கு அகதியாகப் போய் மண்டபம் முகாமில் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். மூத்தது அங்கே பிறந்திருக்கும், கார்ட் தொலைந்திருக்கும், ஊசி போட்டார்களா என்று தாய்க்கே தெரியாது. "ஊசி போட்டாங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓம்" என்பார்கள், பிரசவத்தில் ஏதாவது ஓர் ஊசி போடாமல் விடுவதில்லையே. அதனால் நான் வேறு மாதிரிக் கேட்பேன். பிறந்த பிள்ளைக்கு முதல் நாளே மஞ்சள் வந்ததா? வெளிச்சத்துக்குக் கீழே வைத்தார்களா? பிள்ளைக்கு இரத்தம் ஏற்றினார்களா? வயிற்றிலேயே இறந்த பிள்ளை உண்டா? மாமியை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால், கணக்கில் வராத ஒரு கருச்சிதைவும் சில நேரம் வெளியே வரும். அதுவும் கணக்குத்தான்.

பிள்ளையின் இரத்தம் தாய்க்குள் போக மன்னாருக்கே உரிய ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும்: கழுதை. இரவில் ரோட்டில் படுத்திருக்கும். மோட்டார் சைக்கிள் முட்டி விழுந்தால், "சிராய்ப்புத்தான் மிஸ்ஸி" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். நெகட்டிவ் தாய் வயிறு அடிபட விழுந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் அன்ரி-டி பற்றிக் கேட்க வேண்டும். அந்த 72 மணித்தியாலம் இதற்கும் பொருந்தும்.

சரி, எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருந்தால்? தாயின் இரத்தத்தில் கூம்ஸ் சோதனை செய்து அதன் அளவைப் பார்ப்பார்கள். ஒன்றுக்குப் பதினாறு, ஒன்றுக்கு முப்பத்திரண்டு என்று விடை வரும். அந்த அளவு ஆபத்து எல்லையைத் தொட்டால் இனிப் பிள்ளையையே பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் இதற்கு ஊசிதான் வழி. நியூசிலாந்தின் வில்லியம் லைலி 1961இல் பன்னீர்க்குடத்து நீரை எடுத்து அதன் மஞ்சளை அளந்து சொன்னார். பெரிய காரியம்தான், ஆனால் ஒவ்வொரு குத்தும் ஆபத்து. அந்தக் குத்தே எதிர்ப்பொருளைக் கூட்டிவிடவும் கூடும்.

இன்றைக்கு டொப்ளர் ஸ்கேன் போதும். இரத்தம் குறைந்தால் அது ஐதாகும், இதயமும் வேகமாய்த் தள்ளும். கஞ்சியைவிட ரசம் விரைவாய் ஓடுமே, அதுபோலப் பிள்ளையின் மூளைக்குப் போகிற நடுநாடியில் ஓட்டம் விரைவாகும். அந்த வேகத்தை அளக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் ஜியான்கார்லோ மாரியும் கூட்டாளிகளும் 111 பிள்ளைகளில் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். நடுத்தரமாகவோ கடுமையாகவோ இரத்தம் குறைந்திருந்த ஒரு பிள்ளையையும் அது தவறவிடவில்லை. வீண் எச்சரிக்கை 12 சதவீதம். அந்த வயதுக்குரிய நடு அளவின் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் ஆபத்து என்பது அன்று வகுத்த எல்லை, இன்றும் அதுவே.

இங்கேதான் கிழமைக் கணக்கு முக்கியம். 24 கிழமையில் எல்லை செக்கனுக்கு 46 சென்ரிமீற்றர். 28இல் 55, 32இல் 67 அளவு. ஸ்கேனில் 50 என்று வந்தால் 24 கிழமைப் பிள்ளைக்கு அது அபாயம், 32 கிழமைப் பிள்ளைக்குச் சாதாரணம். எங்கள் ஊரில் திகதி கேட்டால், "நோன்பு முடிஞ்சு பத்து நாள் இருக்கும்" என்று விடை வரும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் கையில் இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. அந்தத் தாளைப் பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள். உப்புக் காற்றில் எழுத்து மங்கிவிடும்.

அளக்கும்போது பிள்ளை ஆடாமல் இருக்க வேண்டும். துள்ளினால் அளவு பிழைக்கும். ஆகவே டொக்டர் "கொஞ்சம் பொறுப்போம்" என்றால் பொறுமையாய்ப் படுத்திருங்கள். ஒன்று இரண்டு கிழமைக்கு ஒருதரம் திரும்ப அளப்பார்கள். தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் கணவனுக்கு ஒரு நாள் கடல் இல்லை, பஸ் காசு வேறு. அதனால் போன முறை நல்லாய்த்தானே சொன்னார்கள் என்று அடுத்ததை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் கோபம் வரும். ஒரு தடவை நல்லது என்றால் அந்தக் கிழமைக்கு நல்லது, அவ்வளவே. 35 கிழமைக்குப் பிறகு இந்த அளவை வீண் எச்சரிக்கை கூடத் தரும். அப்போது டொக்டர் பிரசவத்தைப் பற்றி யோசிப்பார்.

பிள்ளையின் வயிற்றில் நீர் கட்டியிருப்பது ஸ்கேனில் தெரிந்தால் அது ஆரம்ப அடையாளமல்ல, மிகவும் பிந்திய அடையாளம். பிள்ளையின் அசைவு குறைவதும் அப்படியே. குறைந்தால் விடியும் வரை இருக்காமல் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழையுங்கள்.

பொசிட்டிவ் தாய்மாரும் முழுக்கத் தப்பியவர்கள் அல்லர். முன்பு இரத்தம் ஏற்றியவர்களுக்கு கெல் என்ற வேறு எதிர்ப்பொருள் வரலாம். பாலர் பாடசாலை ரீச்சர்மாருக்குப் பிள்ளைகளிடமிருந்து தொற்றும், கன்னம் சிவக்கும் பார்வோ காய்ச்சலும் வயிற்றுப் பிள்ளையின் இரத்த உற்பத்தியை நிறுத்தலாம். ஒரே நச்சுக்கொடியைப் பகிரும் இரட்டைப் பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும்.

டொப்ளர் எல்லை தாண்டினால் கொப்பூழ்க்கொடியில் ஊசி ஏற்றி இரத்தத்தை நேராகப் பார்த்து, தேவையானால் அதே ஊசியால் பிள்ளைக்கு இரத்தம் ஏற்றுவார்கள். இந்தக் கைப்பழக்கம் உள்ளவர்கள் பெரிய ஆஸ்பத்திரிகள் சிலவற்றில்தான் இருக்கிறார்கள். நேரத்தோடு தெரிந்தால்தான் அங்கே போய்ச் சேரலாம். ஏற்றுவதற்கு வேண்டியது பெரும்பாலும் ஓ நெகட்டிவ், அதுவும் சில நாளுக்குள் எடுத்த புது இரத்தம், சேர்த்து வைக்க முடியாதது. உங்கள் வீட்டில் ஓ நெகட்டிவ் ஆள் இருந்தால் மன்னார் ஆஸ்பத்திரி இரத்த வங்கியில் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்து வையுங்கள்.