வாத்தை ஜோடி ஜோடியா வாங்காதே, தங்கச்சி!

பெக்கின் ஒரு ஜோடி, காக்கி கேம்பல் ஒரு ஜோடி, மணிலா ஒரு ஜோடின்னு கூடை நிறைய வாங்கிட்டு வந்து நிக்கிறியா? திட்டலை, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஆறு மாசம் போச்சு. ஒருநாள் காலையில பார்த்தா, என் கேம்பல் பெட்டைக்குப் பிடரியில ஒரு இறகுகூட இல்லை. தோல் சிவந்து, கொட்டகை மூலையில ஒடுங்கிக் கிடக்கு. மூணு ஆணும் அந்த ஒண்ணையே மாத்தி மாத்தி ஏறியிருக்கு. நான் பட்டது போதும், நீயாவது கேட்டுக்கோ.

1. ஆணைக் குறை. வாத்துக்கு ஜோடிக் கணக்கு ஆகாது. ஒரு ஆணுக்கு அஞ்சாறு பெட்டை இருக்கணும். முட்டை மட்டும் போதும்னா ஆணே வேண்டாம், பெட்டை தன்பாட்டுக்கு முட்டை வைக்கும். ஆண் இல்லாட்டா குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். மிச்சமிருக்கிற ஆண்களைத் தனியா அடை. நடுவுல பெட்டை இல்லாட்டா அதுங்க பெரும்பாலும் சண்டை போடாது.

2. ஆணா பெட்டையான்னு வாங்கும்போதே பார். ஊரைக் கூட்டிக் கத்துறது பெட்டை. ஆணுக்குத் தொண்டை கட்டின மாதிரி கரகரப்பு. வளர்ந்த ஆணுக்கு வால் மேல சுருண்ட இறகு இருக்கும். மணிலாவுக்கு மட்டும் இந்தக் கத்தலும் சுருளும் கிடையாது. உடம்பு பெருசா, முகத்துல சிவப்பு மரு நிறைய இருந்தா அது ஆண்.

3. எடையைப் பார்த்துச் சேர். இதைத்தான் யாரும் யோசிக்கிறதில்லை. மணிலா ஆண் நாலஞ்சு கிலோ வரும், கேம்பல் பெட்டை ரெண்டு கிலோ தேறினா அதிகம். மேல ஏறினா இடுப்பு, கால் எல்லாம் போயிடும். வாத்து தண்ணியிலயும் சேரும். ஆழமான தொட்டியில பெரிய ஆண் அமுக்கினா சின்னப் பெட்டை மூழ்கியே செத்துப்போகும். பெரிய இன ஆணைச் சின்னப் பெட்டையோட விடாதே. சின்ன ஆண், பெரிய பெட்டைன்னா அவ்வளவு பயமில்லை.

4. குஞ்சு எடுக்கப்போறியா? பெக்கினும் கேம்பலும் கலந்தா கலப்புக் குஞ்சு வரும், அதுவும் பின்னால இனம் பெருக்கும். மணிலா வேற சாதி. அது மத்த வாத்தோட சேர்ந்து வர்ற குஞ்சு நல்லா சதை போடும், ஆனா கோவேறு கழுதை மாதிரி, வம்சம் தொடராது. சுத்த இனக் குஞ்சுதான் வேணும்னா மத்த ஆணையெல்லாம் பிரிச்சு மூணு வாரம் கழிச்சு எடுத்த முட்டையை மட்டும் வை. ஆண் போன பிறகும் அதோட விந்து பெட்டை உடம்புல ரெண்டு வாரத்துக்கு மேலகூடத் தங்கும்.

5. அடைக்கு வைக்கும்போது முட்டையைக் கலக்காதே. கேம்பல், பெக்கின் 28 நாள், மணிலா 35 நாள். நான் எல்லாத்தையும் ஒரே மணிலா பெட்டைக்கு அடியில வச்சேன். முதல் குஞ்சுங்க வந்ததும் அதுங்களைக் கூட்டிட்டு எழுந்து போயிடுச்சு. அதோட சொந்த முட்டை எட்டும் கூமுட்டை! கேம்பல் பெட்டை அடையில உட்காரும்னு காத்திருக்காதே, முட்டை போடுறதோட சரி.

6. ஆண் வாத்தைக் கோழிக் கொட்டகையில விடவே விடாதே. வாத்துப் பெட்டை இல்லாட்டா கோழி மேல ஏறும். சேவலுக்கு இருக்கிற மாதிரி இல்லை அதோட உறுப்பு. கோழிக்கு உள்ளே கிழிஞ்சுடும், காப்பாத்துறது கஷ்டம்.

சின்னச் சின்ன விஷயங்கள்:

• தீனித் தட்டு ரெண்டு வை. பெக்கின் முட்டித் தள்ளிட்டு எல்லாத்தையும் தின்னுடும்.

• பூசணம் பிடிச்ச கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் பக்கமே போகாதே. அந்தப் பூசண விஷத்தைக் கோழிகூடக் கொஞ்சம் தாங்கும், வாத்து தாங்காது.

• காலையில ஒன்பது மணி வரை திறந்து விடாதே. அதுக்குள்ள முட்டை வச்சிடும், குளத்துல தேட வேண்டியதில்லை.

• சாயங்காலம் அடைக்கும்போது ஒவ்வொரு பெட்டையோட பிடரியையும் தடவிப் பார். ரெண்டு நிமிஷ வேலை. இறகு கொட்ட ஆரம்பிச்சா அன்னைக்கு ராத்திரியே ஆணைப் பிரி, நாளைக்குன்னு தள்ளிப்போடாதே.

பிரிச்ச ஆணை விற்க மனசு வரலையா? என் வீட்டுக்கு மட்டும் தூக்கிட்டு வந்துடாதே. ஏற்கெனவே நாலு இருக்கு.