மலையடிவாரத்து நாய்களும் மாந்தர் கடமையும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மலையேறும் சாலை போனக்காட்டில் முடிவடைகின்றது. அதற்கப்பால் அடர்ந்த வனம். வனத்தின் நடுவே 1868 மீட்டர் உயர்ந்து நிற்பது அகத்தியர் கூடம். பொதிகை என்று தமிழர் போற்றும் மலை இதுவே. அவலோகிதரிடம் அகத்தியர் தமிழ் கேட்டார் என்று புத்தமித்திரர் தம் வீரசோழியத்தில் கூறியிருத்தலின், கருணையே வடிவான அப்போதிசத்துவரோடு இம்மலையைச் சேர்த்து எண்ணுவாரும் உளர்.

ஆங்கிலேயர் காலத்தில் போனக்காட்டில் தேயிலைத் தோட்டம் அமைந்தது. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறை தலைமுறையாக அதில் உழைத்தன. பின்னர்த் தோட்டம் நலிந்தது, கூலி நிலுவையாயிற்று, பலர் பிழைப்பு நாடி வெளியேறினர். இன்றோ, மூடுபனியையும் பாழடைந்த பழைய பங்களாவையும் காண வெளியூரார் வருகின்றனர். ஆண்டுதோறும் தை மாதத்தையொட்டித் தொடங்கும் அகத்தியர் கூட யாத்திரைக்கும் இவ்வூரே வாயில். குடிகள் குறைந்து விருந்தினர் மிகுந்த இத்தகைய ஊர்களில் ஒரு வினா எழுகின்றது. உரியவர் இல்லாத நாய்க்கும் பூனைக்கும் யார் பொறுப்பு? நாள் முழுதும் இருந்து மாலையில் திரும்பும் பயணிக்கு அதில் பங்கு உண்டா?

இவ்வினாவிற்குத் தொன்மையான விடை ஒன்று உண்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோக மன்னர் பொறித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதர்க்கும் விலங்குகட்கும் இருவகை மருத்துவம் ஏற்படுத்தியதைக் கூறுகின்றது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளும் தாமிரபரணியும் அதில் பெயர் சுட்டப்பட்டுள்ளன. பாண்டி நாட்டிற்கும் கேரளத்திற்கும் இடையே நிற்கும் பொதிகைக்கு இச்செய்தி அயலன்று. வழிகளில் கிணறு தோண்டியதும் மரம் நட்டதும் மனிதர்க்கும் விலங்குகட்கும் பயன்படவே என்றும் அக்கல்வெட்டு கூறுகின்றது. வழிச்செல்வோர் இளைப்பாறும் இடத்தில் விலங்கிற்கும் பங்கு உண்டென்பது இதனால் விளங்கும்.

துன்பம் பிறக்கும் வகை

நோயைத் தீர்க்க விரும்புவோர் முதலில் அதன் காரணத்தை நாடல் வேண்டும். தெருநாய்ப் பெருக்கத்திற்குக் காரணம் மூன்று. வளர்த்தவர் கைவிடுதல் ஒன்று. பயணிகள் எறியும் எச்சில் மற்றொன்று. கருத்தடை செய்யாமை மூன்றாவது. பெட்டை நாய் ஆண்டில் இருமுறை ஈனவல்லது. பயணிகள் திரளும் பருவத்தில் சோறும் எலும்பும் மிகுதியாகக் கிடைக்க, குட்டிகள் பிழைத்துப் பெருகுகின்றன. மழைக்காலம் வந்து பயணிகள் வாராதொழிந்ததும் அவையெல்லாம் பட்டினியில் வாடுகின்றன. பசித்த நாய்கள் கூட்டமாய்த் திரியும். ஆட்டையும் கோழியையும் துரத்தும். சிலபோது குழந்தையையும் கடிக்கும்.

கடியுண்ட குழந்தையின் துன்பத்தை மறந்து நாய்க்கு மட்டும் இரங்குதல் கருணையாகாது. வெறிநாய்க்கடி நோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் மாளுகின்றனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அவருள் மிகப் பெரும்பாலோர்க்கு நோய் நாய்களாலேயே வந்தது. அறிகுறி தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தல் மிக அரிது.

காட்டு விலங்கிற்கும் இதனால் இடர் உண்டு. 1994ஆம் ஆண்டில் தான்சானியாவின் செரெங்கெட்டி வனத்தில் டிஸ்டெம்பர் என்னும் நாய்நோய் பரவி, சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாண்டது. சூழவிருந்த ஊர்களின் நாய்களிடமிருந்து அது பரவியதென்பது ஆராய்ந்தோர் கருத்து. போனக்காட்டை அடுத்திருப்பது பேப்பாறை வனவிலங்குப் புகலிடம். அகத்தியர் மலைக் காடுகளில் செந்நாய்கள் வாழ்கின்றன. ஆதலின் ஊர் நாய்க்கு இடும் தடுப்பூசி காட்டிற்கும் காப்பாகும்.

குக்குர ஜாதகம் உணர்த்துவது

வாரணாசி மன்னனுடைய தேரின் தோல்வார்களை ஓரிரவில் நாய்கள் கடித்துத் தின்றன. தெரு நாய்களே மதகு வழியாகப் புகுந்து இதனைச் செய்தன என்று ஏவலர் கூற, காணும் நாய்களையெல்லாம் கொல்லுமாறு மன்னன் கட்டளையிட்டான். அரண்மனை நாய்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. இடுகாட்டில் வாழ்ந்த நாய்களின் தலைவனாகப் பிறந்திருந்த போதிசத்துவர் அஞ்சாது அரசவை புகுந்து, குற்றம் செய்தவை எவை என்று ஆராய்ந்தீரா என வினவினார். அவர் சொற்படி மோரையும் தருப்பையையும் கலந்து அரண்மனை நாய்களுக்குப் புகட்ட, அவை தோல் துண்டுகளைக் கக்கின. மன்னன் நாணித் தன் கட்டளையை மாற்றினான். எல்லா உயிர்க்கும் அபயம் அளித்தான். நாய்களுக்கு நாள்தோறும் உணவிடவும் ஏற்பாடு செய்தான்.

குற்றம் பிறந்த இடம் அரண்மனை. தண்டனை விழுந்த இடம் தெரு. இன்றும் நாம் வளர்த்துக் கைவிட்டதும், நாம் எறிந்த எச்சிலும் குற்றத்தின் வேராயிருக்க, தெருவில் நிற்கும் நாயையே பழிக்கின்றோம்.

கொலை தீர்வாகுமா?

சென்னை மாநகராட்சி பல்லாண்டுகள் நாய்களைப் பிடித்துக் கொன்றது. அவற்றின் பெருக்கம் நின்றபாடில்லை. உணவு கிடைக்கும் இடம் காலியானால் வேறு நாய்கள் வந்து நிறையும். 1959இல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் 1960களிலேயே கருத்தடை முறையை வலியுறுத்தியது. 1990களின் நடுவில் மாநகராட்சியும் அதனை மேற்கொண்டது. 2001இல் வந்த மத்திய அரசின் விதிகளும், அவற்றிற்கு மாற்றாக 2023இல் வந்த விதிகளும் இம்முறையையே விதித்தன. நாயைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடுதல் அதன் சாரம்.

உச்சநீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22ஆம் நாள் இம்முறையை ஏற்று, வெறிநோய் கண்டனவும் மூர்க்கமானவையும் மட்டும் திருப்பி விடலாகாது என்றது. கண்ட தெருவிலெல்லாம் உணவிடாது அதற்கென இடம் வகுக்கவும் பணித்தது. 2025 நவம்பர் 7ஆம் நாள் ஆணையோ, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய இடங்களில் பிடிபடும் நாய்களை மீண்டும் அங்கே விடலாகாதெனக் கூறிற்று. இவ்விரண்டும் நிறைவேற மருத்துவர், காப்பகம், பொருள் ஆகியவை வேண்டும். ஓரூரின் நாய்களில் 100க்கு 70 தடுப்பூசி பெற்றால் நோய்ப் பரவல் அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கொள்கை. அவ்வளவை எட்டாது ஒரு சிலவற்றிற்கு மட்டும் ஊசியிட்டு நிறுத்துதல் ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புதலை ஒக்கும்.

பயணிகள் கைக்கொள்ளத் தக்கவை

1. கொண்டுசென்ற உணவின் மிச்சத்தையும் பொட்டலத்தையும் திரும்ப எடுத்து வருக.

2. வழியோரத்தில் நாய்க்கும் குரங்கிற்கும் உணவு எறியாதிருக்க. ஈய விரும்புவோர் அப்பொருளை அவ்வூரில் கருத்தடைக்கும் ஊசிக்கும் உழைப்பவரிடம் அளிக்க.

3. வளர்ப்பு நாயை மலையில் விட்டு வருதல் கொடுமை. 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றமுமாம்.

4. காதில் சிறு வெட்டுள்ள நாய் கருத்தடை செய்யப்பட்டது என்று அறிக. அதனைத் துரத்தலும் கல்லெறிதலும் தகா.

5. கடியோ கீறலோ நேர்ந்தால் அவ்விடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுக. உடனே மருத்துவமனை செல்க. சிறு காயமென்று வாளாவிருத்தல் உயிர்க்கே இறுதியாகும்.

மாலைப் பேருந்து வந்ததும் நாம் மலையிறங்கி விடுவோம். பாழடைந்த லயன் வீட்டுத் திண்ணையில் நாய் அங்கேயே இருக்கும்; எஞ்சிய தொழிலாளியின் குழந்தையும் அதே பாதையில் நடந்து பள்ளி செல்லும். நாம் விட்டுச்சென்ற சோற்றுப் பொட்டலத்தின் விளைவை இவ்விருவரே நுகர்வர். இருவர்க்கும் தீங்கு நேராவண்ணம் நடந்துகொள்ளும் பயணியே அசோகர் வகுத்த வழியில் நடந்தவராவர்.