வின்டர் டயர்: எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது

கனடாவில் முதல் பனி விழுந்த மறுநாள் காலை டயர் கடைகளில் போன் ஓயாது. அன்று கூப்பிடுகிறவர்கள் பல நாள் காத்திருந்துதான் ஆக வேண்டும். வின்டர் டயர் பனிக்கு மட்டுமே என்று நினைப்பதால் வருகிற வினை இது. வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலே சம்மர் டயர்களின் ரப்பரும், பெரும்பாலான ஆல் சீசன் டயர்களின் ரப்பரும் இறுகத் தொடங்கிவிடும். சாலை காய்ந்து கிடந்தாலும் பிடிமானம் குறையும். பிரேக் போட்டால் வண்டி நிற்க அதிக தூரம் பிடிக்கும். வின்டர் டயரின் ரப்பரோ அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும். அதனால் பனிக்குக் காத்திராமல், குளிரைப் பார்த்து நாள் குறியுங்கள்.

செய்ய வேண்டியவை

1. நீங்கள் வண்டி எடுக்கும் நேரத்தின் வெப்பநிலையைப் பாருங்கள். மதியம் 12 டிகிரி இருக்கிற நாளிலும், விடிகாலை ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவருக்கு 3 டிகிரிதான் கிடைக்கும். டொராண்டோ பக்கம் அக்டோபர் பிற்பாதியிலேயே பல காலைகள் 7 டிகிரிக்குக் கீழே போய்விடும். சட்பரி, தண்டர் பே போன்ற வடக்கு ஊர்களில் இன்னும் முன்பே.

2. அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையை நினைவில் வையுங்கள். அந்த வாரமே கடையில் நேரம் வாங்கிவிட்டால், அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ நிதானமாக மாட்டிக்கொள்ளலாம்.

3. உங்கள் மாகாணத்தின் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். மீறினால் 200 டாலருக்குக் குறையாத அபராதம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி முதல், வின்டர் டயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும். மாட்டிய கையோடு நிறுவனத்துக்குச் சொல்லி, எந்தத் தேதிக்குள் மாட்டியிருக்க வேண்டும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

4. டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் இருக்கிறதா என்று பாருங்கள். பனியில் இழுவைச் சோதனையில் தேறிய டயருக்கே இந்தக் குறி உண்டு.

5. போன வருடத்து டயரை மாட்டும் முன் அதன் பள்ளத்தை அளந்து பாருங்கள். 4 மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால் பனியில் அது உதவாது. பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 3821 என்றால் 2021ஆம் ஆண்டின் 38ஆவது வாரம்.

6. காற்றை மாதம் ஒருமுறையாவது, வண்டி ஓடாமல் குளிர்ந்து நிற்கும்போது பாருங்கள். வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கினால் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். 20 டிகிரிச் சூட்டில் இருக்கும் கடைக்குள் அடித்த காற்று, வெளியே மைனஸ் 10 ஆகும்போது 5 பிஎஸ்ஐ வரை இறங்கியிருக்கும். எவ்வளவு வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும்.

7. மாட்டிய பிறகு 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளின் இறுக்கத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

8. கையில் பணம் இருந்தால் வின்டர் டயருக்கென்று தனி ரிம் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி மாட்டி பேலன்ஸ் செய்யும் கூலி மிஞ்சும்.

செய்யக்கூடாதவை

1. செலவை மிச்சம் பிடிக்க இரண்டு டயர் மட்டும் போடாதீர்கள். முன்னால் மட்டும் போட்டால், வளைவில் முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வழுக்கி வண்டியே சுழன்றுவிடும். நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும்.

2. ஆல் வீல் டிரைவ் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். பனியிலிருந்து கிளம்ப அது உதவும். பிரேக் போட்டு நிறுத்துவதற்கு டயரின் பிடிமானம்தான் வேண்டும்.

3. ‘எம் பிளஸ் எஸ்’ என்ற எழுத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சேற்றுக்கும் பனிக்குமான பள்ள அமைப்பு என்பதைத்தான் அது சொல்கிறது. எந்தச் சோதனைக்கும் அது சான்று அல்ல.

4. நவம்பரில் இடையே ஒரு வாரம் வெயில் அடித்தால் வாங்கிய நேரத்தைத் தள்ளிப் போடாதீர்கள். இதமான சில நாட்களில் ஓடுவதால் வின்டர் டயர் அவ்வளவாகத் தேயாது.

5. பக்கவாட்டில் அம்புக்குறி உள்ள டயரைத் திசை மாற்றி மாட்ட விடாதீர்கள். தண்ணீரையும் கரைபனியையும் வெளியே தள்ளும் பள்ளங்கள் எதிர்த் திசையில் சரியாக வேலை செய்யாது.

6. கழற்றிய டயர்களை வெயில் படும் இடத்திலோ, ஹீட்டர், மின்மோட்டார் அருகிலோ வைக்காதீர்கள். கழுவித் துடைத்து, எது எந்தச் சக்கரம் என்று சாக்குக் கட்டியால் எழுதி, உலர்ந்த இருட்டறையில் வையுங்கள். ரிம்மோடு இருந்தால் அடுக்கலாம். ரிம் இல்லாவிட்டால் நிமிர்த்தி நிறுத்த வேண்டும்.

7. கியூபெக்கில் மார்ச் 15 கழிந்ததும் கழற்றிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். சட்டம் அன்றோடு முடிகிறது, குளிர் முடிவதில்லை. காலை வெப்பநிலையும் தொடர்ந்து 7 டிகிரிக்கு மேலே நிற்கும் வரை பொறுங்கள். டொராண்டோ, மாண்ட்ரியல் பக்கம் ஏப்ரல் பிற்பாதி ஆகலாம்.

8. அதற்காகச் சோம்பிப் போய்க் கோடை முழுக்க வின்டர் டயரிலேயே ஓட்டாதீர்கள். சூடான தாரில் இளகிய ரப்பர் வேகமாகத் தேயும், பிரேக் தூரமும் கூடும். அடுத்த நவம்பரில் பள்ளம் 4 மில்லிமீட்டரைத் தொட்டிருந்தால் நான்கு டயருக்கும் புதிதாகப் பணம் எடுத்துவைக்க வேண்டியதுதான்.